அண்ணனின் சி-90 கேசட் மறுபடி பாடுகிறது

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கேசட்டின் முதல் பக்கம் தொடக்கத்திலிருந்து முடிவுவரை எங்கும் சிக்காமல் ஓடியது. கடிகாரம் வைத்துப் பார்த்தேன்: 43 நிமிடம் 10 விநாடி. அதில் பதிந்திருக்கும் ஆல்பத்தின் உண்மையான நீளம் ஏறக்குறைய நாற்பத்து நாலரை நிமிடம். அந்த ஒன்றேகால் நிமிட வித்தியாசத்தோடுதான் கடைசி மூன்று வாரம் மல்லுக்கட்டினேன். மொத்தம் பத்து வாரம், செலவு 2,140 ரூபாய். பழைய கேசட்டும் அதை ஓட்டும் டெக்கும் பரணில் கிடப்பவர்களுக்கு உதவும் என்பதால் செய்ததை வரிசையாக எழுதுகிறேன். தப்பாகச் செய்ததும் இதில் உண்டு.

ஆல்பம், பிங்க் ஃபிளாய்டு என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 'விஷ் யூ வேர் ஹியர்'. 1975 செப்டம்பரில் வந்தது. எங்கள் வீட்டுக்கு அது வந்தது 1987 தீபாவளி விடுமுறையில். அண்ணன் அப்போது சென்னையில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தார். ஒரு ரெக்கார்டிங் சென்டரில் அதன் எல்.பி. இசைத்தட்டு இருந்திருக்கிறது. பக்கத்துக்கு 45 நிமிடம் ஓடும் வெற்று சி-90 கேசட்டைக் கொடுத்து, ஒரு வாரம் கழித்துப் போய் வாங்கிக்கொண்டு வந்தார். ஒரு பக்கம் முழு ஆல்பம். மறுபக்கம் அம்மா கேட்டிருந்த பழைய தமிழ்ப் பாட்டுகள். உள்ளட்டையில் 'ரூ. 42' என்று அவர் கையெழுத்தில் இன்னும் இருக்கிறது. கடையில் பார்த்த எல்.பி. அட்டையை நினைவில் வைத்துப் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு படமும் வரைந்திருந்தார். இரண்டு பேர் கை குலுக்குகிறார்கள், ஒருவர் மேல் மட்டும் சிவப்பு மையில் தீ. அது அண்ணனின் கற்பனை என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். நிஜமாகவே ஒரு ஸ்டண்ட் கலைஞருக்குத் தீ வைத்து, லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் ஒரு ஸ்டுடியோ வளாகத்தில் எடுத்த படம் அது. காற்று திரும்பி அவர் மீசை கருகியது என்று பிறகு படித்தேன்.

2021 மே மாதம் அண்ணன் போய்விட்டார். இந்த ஜனவரியில் திருச்சிக்குப் போயிருந்தபோது அண்ணி பரணிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இறக்கித் தந்தார். அதில் இந்தக் கேசட்டும், 1989-இல் அண்ணன் பர்மா பஜாரில் வாங்கிய ஸ்டீரியோ டெக்கும் இருந்தன. "தம்பி, இது இன்னும் பாடுமா பாருங்க. பாடலைன்னா பரவாயில்லை, தூக்கிப் போட்டுடாதீங்க" என்றார்.

கேசட்

முதலில் எதையும் மெஷினில் போடவில்லை. அந்த ஒன்றையாவது சரியாகச் செய்தேன். கேசட்டை வெளிச்சத்தில் பிடித்தால் சன்னல் வழியாக நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தது. பூசணம். பூசணம் பிடித்த நாடாவை ஓட்டினால் நாடாவைப் படிக்கும் ஹெட்டிலும் அதை இழுக்கும் ரோலரிலும் அது ஒட்டி, அடுத்துப் போடும் கேசட்டுக்கும் போகும். நாடாவை ஹெட்டோடு சேர்த்து அழுத்தும் சின்ன கம்பளித் துண்டும் பசை காய்ந்து விழுந்திருந்தது. அது இல்லாவிட்டால் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வரும்.

கேசட்டின் பிளாஸ்டிக் ஓடு திருகாணி இல்லாத ரகம், இரண்டு பாதியையும் சேர்த்து ஒட்டியது. ஆகவே நாடாவை எடுத்துத் திருகாணி உள்ள வேறொரு ஓட்டுக்கு மாற்ற வேண்டும். பழைய சாமான் கடையில் பக்திப் பாட்டுக் கேசட்டுகள் ஐந்து வாங்கினேன், ஒன்று 30 ரூபாய். ஐந்தில் இரண்டின் ஓடு நன்றாக இருந்தது. வாங்கும்போது நான்கு மூலையிலும் நடுவிலுமாக ஐந்து திருகாணி இருக்கிறதா, உள்ளே கம்பளித் துண்டு செம்புப் பட்டையோடு உறுதியாக நிற்கிறதா, பென்சில் விட்டுச் சுற்றினால் தடையில்லாமல் சுற்றுகிறதா, இந்த மூன்றையும் பாருங்கள்.

இங்கேதான் முதல் தவறு. ஒட்டிய ஓட்டைப் பிளக்க, இணைப்புக் கோட்டில் கத்தி முனையை வைத்து மெல்லத் தட்ட வேண்டும். நான் அவசரப்பட்டு நெம்பினேன். கத்தி நழுவி உள்ளே போய் நாடாவின் ஓரத்தைக் கிழித்தது. அதைவிடப் பெரிய தவறு, நாடாவை ஒரு முனைக்கு முழுவதும் சுற்றிவிட்டுத் திறக்காதது. முனைக்குச் சுற்றியிருந்தால் வெளியே இருப்பது வெறும் லீடர், பாட்டு பதியாத முனைத் துண்டு, கிழிந்தாலும் ஒன்றும் போகாது. நான் திறந்தபோது நாடா பாதியில் நின்றிருந்தது. அண்ணன் கடைசியாகக் கேட்டு நிறுத்திய இடம் அது. வேறு யாரும் இதைத் தொட்டதில்லை என்று அண்ணி சொன்னார்.

அன்றைக்கு வேலையை அப்படியே மூடி வைத்துவிட்டேன். நான்கு நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

கிழிசலின் இரண்டு பக்கமும் கசங்கியிருந்ததால் வெட்டி எடுக்க வேண்டியது 2 செ.மீ. கேசட் நாடா விநாடிக்கு 4.76 செ.மீ. ஓடுகிறது. அப்படியென்றால் போனது அரை விநாடிக்கும் குறைவு. புது பிளேடால் 45 டிகிரி சாய்வில் இரண்டு முனையையும் ஒன்றாக வைத்து வெட்டி, இடைவெளி இல்லாமல் சேர்த்து, பின்பக்கத்தில் ஸ்ப்ளைசிங் டேப் ஒட்டினேன். ஓட்டுக்குள் நாடாவின் வெளிமுகம்தான் பாடும் பக்கம், ஒட்டு உட்புறத்தில் வர வேண்டும். நேராக வெட்டினால் அந்த இடம் ஹெட்டைத் தாண்டும்போது 'டப்' என்று கேட்கும், சாய்வாக வெட்டினால் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுக்கிப் போகும். ஸ்ப்ளைசிங் டேப் 420 ரூபாய். பொருட்களிலேயே இதுதான் விலை கூடியது. சாதாரண செல்லோடேப்பைப் போட்டுவிடாதீர்கள். சில மாதத்தில் பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம் பூசணம். முகக்கவசம் போட்டுக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய், மென்மையான உலர்ந்த துணிக்கு நடுவே நாடாவைப் பிடித்து, ஆறுபட்டைப் பென்சிலால் கையாலேயே சுற்றினேன். சி-90-இல் நாடா சுமார் 130 மீட்டர். ஒரு முறை சுற்ற ஒன்றரை மணி நேரம், இரண்டு முறை சுற்றினேன். துணியில் மாவு மாதிரி படிந்தது. ஈரத்துணி கூடாது, ஸ்பிரிட்டும் கூடாது. மேலே பூசியிருக்கும் காந்தப் பொடி பெயர்ந்துவிடக்கூடும்.

டெக்

டெக்கைத் திறந்தால் பெல்ட் இருந்த இடத்தில் தார்தான் இருந்தது. பழைய ரப்பர் அப்படித்தான் உருகும். சக்கரம், மோட்டார் தண்டு, அடித்தகடு எல்லாவற்றிலும் கறுப்புப் பிசின். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் அரை லிட்டர் 260 ரூபாய். அதில் பாதி இந்தத் தாரைத் துடைக்கவே போயிற்று. கையுறை போடாமல் தொட்டால் ஒரு வாரத்துக்கு விரலில் கறை போகாது. ஒரு துளிப் பிசின் சக்கரத்தில் மிஞ்சினாலும் அந்த மேடு ஒவ்வொரு சுற்றிலும் பாட்டில் நடுக்கமாகக் கேட்கும். நகத்தால் தடவிப் பார்த்துத் தடவிப் பார்த்துத் துடைத்தேன்.

பழைய பெல்ட் உருகிவிட்டதால் அளவு தெரியாது. தையல் நூலைச் சக்கரங்களைச் சுற்றிப் போட்டு அளந்தேன்: 24.1 செ.மீ. பெல்ட் இதைவிட ஐந்து சதவீதம் சின்னதாக இருந்தால்தான் இறுக்கமாக உட்காரும். அதாவது 22.9 செ.மீ. சுற்றளவு, விட்டம் 73 மி.மீ. இந்தக் கணக்கைப் போடாமல், 'கொஞ்சம் டைட்டா இருந்தா நல்லது' என்று சென்னை ரிச்சி தெருவில் 68 மி.மீ. வாங்கி வந்தேன். மாட்டினால் மோட்டார் முனகியது, சத்தம் அலை மாதிரி ஏறி இறங்கியது. ஒன்றுக்கு இரண்டு முறை சென்னை போக வேண்டியதாயிற்று. மெல்லிய இரண்டாம் பெல்ட்டும் சேர்த்து பெல்ட்டுக்கு மட்டும் 350 ரூபாய். பெல்ட் கடைக்குப் போகும் முன் நூல் அளவையும் விட்டத்தையும் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நூலையும் எடுத்துப் போனால் இன்னும் நல்லது.

நாடாவை இழுக்கும் பிஞ்ச் ரோலர் கண்ணாடி போல இறுகியிருந்தது. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்தேன், இரண்டு நாள் தாக்குப்பிடித்தது. பிறகு 13 மி.மீ. விட்டம், 8 மி.மீ. அகலத்தில் புதிது போட்டேன், 280 ரூபாய். ஹெட்டைப் பஞ்சுக்குச்சியால் ஆறேழு தடவை துடைத்த பிறகுதான் குச்சி வெள்ளையாக வந்தது.

முதலில் அந்தப் பக்திப் பாட்டுக் கேசட் ஒன்றை ஓட்டினேன். நன்றாக ஓடியது. அப்புறம் கை கழுவிவிட்டு வந்து அண்ணன் கேசட்டைப் போட்டேன்.

ஒரு சத்தமும் இல்லை. 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் மட்டும். ஐந்து விநாடி, பத்து விநாடி. நிறுத்தும் பொத்தான்மேல் விரல் போய்விட்டது. அப்போதுதான் 1987 ஞாபகம் வந்து கையை எடுத்தேன்.

அன்றைக்கும் இப்படித்தான். வீட்டில் இருந்த மோனோ டேப் ரிக்கார்டரில் அண்ணன் போட்டதும் ஒன்றும் கேட்கவில்லை. "வெறும் கேசட்டைக் குடுத்து ஏமாத்திட்டாங்கடா" என்று அப்பா சொன்னார். சொல்லி முடிக்கும் முன் எங்கிருந்தோ மெல்ல ஒரு ஒலி கிளம்பி வந்தது. முதல் பாட்டு 'ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்' அப்படித்தான் தொடங்கும். அந்த ஆரம்பத்தில் ஒயின் கோப்பைகளின் விளிம்பை ஈர விரலால் தேய்த்து எடுத்த ஒலியும் கலந்திருக்கிறது. வீட்டுச் சாமான்களை வைத்தே ஒரு ஆல்பம் செய்யலாம் என்று அந்தக் குழு முயன்று பாதியில் விட்டபோது பதிந்தது அது. டம்ளரில் தண்ணீர் ஊற்றி அதே சத்தத்தை வரவழைக்க அண்ணனும் நானும் என்னென்னவோ செய்திருக்கிறோம், அது கோப்பை என்று தெரியாமலேயே.

இப்போதும் வந்தது. சன்னமாக, இரைச்சலுக்குள்ளிருந்து. நாலு நிமிடம் கழித்து, அந்தப் பாட்டின் அடையாளமான நாலு சுரம், தனிக் கிடாரில். இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரு மாதிரி மந்தமாகத்தான் கேட்டது, ஆனால் கேட்டது. சமையல்கட்டிலிருந்து மனைவி வந்து நின்று பார்த்துவிட்டுப் போனாள். நான் எழுந்திருக்கவில்லை.

அஸிமுத்

மந்தம் போக, ஹெட்டின் சாய்வை, அதாவது அஸிமுத்தை, சரிசெய்ய வேண்டும். ஹெட்டின் ஒரு பக்கத்தில் ஸ்பிரிங்கோடு ஒரு திருகாணி இருக்கும். அதைக் கால் சுற்றுக்கும் குறைவாக இப்படியும் அப்படியும் திருப்பி, உச்சஸ்தாயி எங்கே அதிகம் தெளிவாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்த வேண்டும். இரைச்சலைக் குறைக்கும் டால்பியை அணைத்துவிட்டு, இரண்டு சேனலையும் மோனோவாகச் சேர்த்துக் கேட்டால் அந்த இடம் பிடிபடும். கேசட் பதிவான டெக்கின் சாய்வோடு நம் டெக்கின் சாய்வு பொருந்துவதுதான் விஷயம்.

இதில் ஒரு முழு சாயங்காலம் வீணானது. திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், சத்தம் மெலிந்து, டிரான்சிஸ்டர் ரேடியோ மாதிரியே வருகிறது. இடதுபக்கம் திருப்பினாலும் அதே, வலதுபக்கம் திருப்பினாலும் அதே. முக்கால் சுற்று போய்விட்டது, பழைய இடம் எது என்பதும் தொலைந்தது. ஹெட் தேய்ந்துவிட்டது, புது ஹெட்தான் போட வேண்டும் என்றே முடிவு செய்துவிட்டேன். அப்புறம் எந்தப் பாட்டு ஓடுகிறது என்று கவனித்தேன்.

தலைப்புப் பாட்டின் ஆரம்பம். அதில் யாரோ ரேடியோவைத் திருப்புவார்கள். ஒரு நிலையம் மாறி இன்னொன்று, பேச்சு, சைகோவ்ஸ்கியின் நாலாவது சிம்பொனியில் ஒரு துண்டு, பிறகு தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு கிடார். ரேடியோ ஒலி, கிடார் கலைஞர் டேவிட் கில்மோரின் கார் ரேடியோவிலிருந்து எடுத்தது. அந்தக் கிடாரையும் வேண்டுமென்றே ரேடியோவில் கேட்பதுபோல மெலிதாக்கியிருக்கிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு கிடார், பக்கத்திலேயே, அறைக்குள் நம்மோடு உட்கார்ந்திருப்பவர் வாசிப்பதுபோல முழுச் சத்தத்தில் வந்து சேரும்.

இதே இடத்தில்தான் 1987-இல் அண்ணன் கேசட்டை நிறுத்தி, "ஹெட்ல அழுக்குடா" என்று சொன்னார். எனக்குப் பதிமூன்று வயது. அம்மாவின் ஓடிகொலோனில் பஞ்சை நனைத்து நான் துடைத்தேன். என் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு மெஷினைத் திறந்து கை வைத்தது அன்றுதான். மறுபடி போட்டோம், அதே சத்தம். மறுபடி துடைத்தேன். மூன்றாவது முறை அண்ணன் நிறுத்தாமல் ஓடவிட்டார். அந்த இரண்டாவது கிடார் வந்தது. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்த முகம் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பாட்டு ஒவ்வொரு தடவை வரும்போதும் எங்களில் ஒருவர், "ஹெட்ல அழுக்கு" என்று சொல்வோம். அவர் மஸ்கட்டில் வேலை பார்த்த எட்டு வருடமும் போனில் பேச்சை ஆரம்பிக்கும்போது லைன் கரகரத்தால் அதையேதான் சொல்வார்.

அதனால் அஸிமுத்துக்கு இந்த ஆல்பத்தின் எந்த இடத்தை எடுத்துக்கொள்ளலாம் என்றால், இரண்டாவது கிடார் சேர்ந்த பிறகு வரும் பகுதி. அதற்குச் சற்று முன் ஒரு இருமல் சத்தம் பதிவாகியிருக்கிறது. கம்பிமேல் விரல் வழுக்கும் கீச்சொலியும் உண்டு. திருகாணியை அங்குலம் அங்குலமாக அல்ல, மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். ஒரு இடத்தில் அந்த இருமல் சட்டென்று தொண்டையிலிருந்து வந்தது. அங்கே நிறுத்தினேன். அடுத்த முறை செய்தால் திருகாணியைத் தொடும் முன்னே அதன் தலையிலும் தகட்டிலும் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுவேன், பழைய இடத்துக்குத் திரும்ப அந்தக் கோடு போதும்.

இந்த நிலையில் முழுப் பக்கத்தையும் முதல்முறையாகக் கேட்டேன். இரண்டாம் பாட்டு 'வெல்கம் டு த மெஷின்' முடிந்ததும் எல்.பி.யைத் திருப்பிப் போட்ட கடைக்காரரின் பாஸ் பொத்தான் 'டக்' என்கிறது. அதுவும் எங்களுக்கு மனப்பாடம். 'ஹேவ் எ சிகார்' பாட்டின் நடுவில் தாளம் ஓரிடத்தில் கால் தடுக்கியது. நான் வெட்டிய அந்த 2 செ.மீ. அப்படியென்றால் அண்ணன் கடைசியாக நிறுத்தியது அங்கேதான். அந்தப் பாட்டைப் பாடியவர் குழுவில் இல்லாத ராய் ஹார்ப்பர். அண்ணனுக்கு அந்த ஆல்பத்தில் அவ்வளவாகப் பிடிக்காத ஒரே பாட்டு அது. ஏன் அங்கே நிறுத்தினார் என்று எனக்குத் தெரியாது. யாராவது கூப்பிட்டிருப்பார்கள்.

வேகம்

வேகத்தைச் சரிபார்க்க டெஸ்ட் டேப் விற்கிறார்கள். எனக்குக் கிடைக்கவில்லை, நானே ஒன்று செய்தேன். விநாடிக்கு 4.76 செ.மீ. என்றால் ஐந்து நிமிடத்துக்கு 14 மீட்டர் 28 செ.மீ. மிச்சமிருந்த பக்திப் பாட்டுக் கேசட்டின் நாடாவில் அந்த இடைவெளியில் இரண்டு இடத்தில் வெள்ளை லீடர் துண்டை வெட்டி ஒட்டினேன். ஓடும்போது அந்த இரண்டு இடத்திலும் பாட்டு ஒரு நொடி அறுபடும். அறுபடும் இரண்டு இடத்துக்கும் நடுவே சரியாக 300 விநாடி ஆக வேண்டும். ஒரு விநாடி முன்பின் என்றால் பிழை மூன்றில் ஒரு சதவீதம்தான், காதுக்குத் தெரியாது.

முதல் தடவை அம்மாவின் தையல் டேப்பால் அளந்தேன். அது பழையது, நீண்டிருந்தது. பிறகு 180 ரூபாய்க்கு இரும்பு அளவு டேப் வாங்கி ஒப்பிட்டபோது 150 செ.மீ.யில் 2 செ.மீ. வித்தியாசம். மறுபடி அளந்து, மறுபடி ஒட்டினேன். மோட்டாரின் பின்னால் ஒரு சின்னத் துளை இருக்கும். அதற்குள் பிளாஸ்டிக் திருப்புளியை விட்டு, மெஷின் ஓடும்போதே மெல்லத் திருப்ப வேண்டும். இரும்புத் திருப்புளி உள்ளே எதையாவது தொட்டுவிடும். ஒன்பது தடவை ஓட்டிய பிறகு 300 விநாடி வந்தது.

டெக்கின் வேகம் சரி. ஆனால் அண்ணன் கேசட்டைப் போட்டால் முதல் பாட்டு பதின்மூன்றரை நிமிடத்துக்குப் பதிலாக 13 நிமிடம் 6 விநாடியில் முடிகிறது. அந்த நாலு சுரத்தை போனில் உள்ள, சுருதி காட்டும் டியூனரில் பிடித்துப் பார்த்தேன். பி ஃப்ளாட், எஃப், ஜி, ஈ என்று காட்ட வேண்டும். முள் ஒவ்வொரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவில் நின்று ஆடியது. மூன்று சதவீதம் கூடுதல் வேகம். பாட்டுக்காரர் பாஷையில் கால் கட்டை ஏறியிருக்கிறது. கடைக்காரரின் டெக் மெதுவாக ஓடியிருக்கலாம், இல்லையென்றால் அவருடைய ரெக்கார்டு பிளேயர் வேகமாகச் சுற்றியிருக்கலாம். முப்பத்தெட்டு வருடமாக எங்கள் காதில் இருந்தது இந்த வேகம்தான்.

எனக்கு அப்போது சந்தேகமே வரவில்லை. ரிப்பேர் என்றால் சரியான வேகத்துக்குக் கொண்டுவருவது. மோட்டாரைக் குறைத்து, டியூனர் முள் சரியாக ஜி-யில் நிற்கும்வரை திருப்பினேன். லண்டனில் ஆபி ரோடு ஸ்டுடியோவில் வாசித்த அதே சுருதி. கேட்டேன். குரல்கள் கனத்திருந்தன, கிடாருக்கு இன்னும் மூச்சு இருந்தது. அந்த ஆல்பத்தை உண்மையில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள், அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

அந்த ஆல்பம் எதைப் பற்றியது என்பதைப் பெரியவனான பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான சிட் பாரெட் மனம் குலைந்து 1968-இல் குழுவை விட்டுப் போனார். ஏழு வருடம் கழித்து, 1975 ஜூனில், அவரை நினைத்து எழுதிய அந்த நீளமான பாட்டை இவர்கள் செய்துகொண்டிருந்த நாளில், தலையையும் புருவத்தையும் மழித்து, உடம்பு பருத்த ஒருவர் ஸ்டுடியோவுக்குள் வந்து நின்றிருக்கிறார். கூடவே வளர்ந்தவர்களுக்கே அவர்தான் சிட் என்று உடனே அடையாளம் தெரியவில்லை. ஆல்பத்தின் கடைசி விநாடிகளில், எல்லாம் தேய்ந்து மறையும்போது, ரிச்சர்ட் ரைட் தன் கீபோர்டில் சிட் எழுதிய 1967 பாட்டு ஒன்றின் மெட்டைச் சின்னதாக வாசித்துவிட்டு முடிப்பார். எங்கள் மோனோ ரிக்கார்டரில் அது கேட்டதே இல்லை. அஸிமுத் சரியான பிறகு இந்த டெக்கில் இரைச்சலுக்கு மேலே அது கேட்கிறது. அண்ணனுக்கு அதைப் போட்டுக் காட்ட முடியவில்லை என்பதுதான் இந்தப் பத்து வாரத்தில் எனக்குக் கஷ்டமாக இருந்த விஷயம்.

திருச்சி

டெக்கைப் பழைய போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். அண்ணி வீட்டுக் கூடத்தில் வைத்து, திருத்திய வேகத்தில் ஓட்டினேன். அண்ணி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். முதல் பாட்டு பாதி போனபோது கை நின்றது.

"என்ன தம்பி, இழுக்குதே?"

"இல்ல அண்ணி, இதுதான் சரியான ஸ்பீடு. கடையில பதியும்போதே தப்பாயிருக்கு. இப்பத்தான் சரி பண்ணியிருக்கேன்."

அண்ணி கொஞ்ச நேரம் கேட்டார். "அவர் உடம்புக்கு முடியாதப்போ பாடின மாதிரி இருக்கு" என்றார்.

அண்ணன் பாடிக் கேட்டிருக்கிறேன். சொற்கள் தெரியாது, அந்தக் கிடார் மெட்டைத்தான் வாயால் பாடுவார், குளிக்கும்போது, வண்டி ஓட்டும்போது. இந்தக் கேசட் எந்தச் சுருதியில் இருந்ததோ அந்தச் சுருதியில். அண்ணியும் கல்யாணமான நாளிலிருந்து கேட்டது அதைத்தான். ஆங்கிலப் பாட்டில் அவருக்கு வேறு ஈடுபாடு கிடையாது. ஆனால் இந்த ஒன்றில் கால் கட்டை இறங்கியது அவருக்கு டியூனர் இல்லாமல் தெரிந்தது.

டெக்கின் பின்மூடியைக் கழற்றினேன். திருப்புளியை எடுத்துப் போயிருந்தது நல்லதாயிற்று. டெஸ்ட் கேசட்டைப் போட்டு மறுபடி 300 விநாடிக்குக் கொண்டுவந்தேன், நாலு தடவை ஓட்ட வேண்டியிருந்தது. பிறகு அண்ணன் கேசட்டை முதலிலிருந்து. இருட்டுகிற நேரம். அண்ணி கீரையைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். தலைப்புப் பாட்டில் ரேடியோ திரும்பும் இடம் வந்தபோது இரண்டு பேருமே ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் அண்ணிதான், "ஹெட்ல அழுக்கு" என்றார்.

அந்த 43 நிமிடம் 10 விநாடி அன்றைக்கு அளந்ததுதான். பாட்டு முடிந்த பிறகு இரண்டு நிமிடம் வெறும் நாடா ஓடுகிறது. அதையும் ஓடவிட்டோம்.

டிஜிட்டலாக ஒரு பிரதி எடுத்து அண்ணன் மகளின் போனில் போட்டுக் கொடுத்தேன், வேகத்தைத் திருத்தாமல். கடைக்காரரின் 'டக்'கும் நான் வெட்டிய இடமும் அதில் அப்படியே இருக்கின்றன. பென்சிலால் சுற்றிக் கேசட்டை நெட்டுக்குத்தலாக நிறுத்தி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு மூடி போட்ட டப்பாவில் வைக்கச் சொன்னேன். பரண் வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை முழுவதும் ஓடவிட வேண்டும்.

கிளம்பும் முன் அண்ணன் மகளிடம் நெயில் பாலிஷ் கேட்டு, அஸிமுத் திருகாணியின் தலையில் ஒரு சொட்டும், மோட்டார் துளையின் வாயில் ஒரு சொட்டும் வைத்தேன், அதிர்வில் நகராமல் இருக்க. காய்வதற்குப் பத்து நிமிடம். அதுவரை சும்மா இருப்பானேன் என்று அண்ணி கேசட்டைத் திருப்பிப் போடச் சொன்னார், அம்மாவின் பாட்டுகளுக்காக. அதுவும் கால் கட்டை ஏறித்தான் இருந்தது. அண்ணி கூடவே முணுமுணுத்தார், சுருதி சேர்ந்திருந்தது.